ஈசானி மூலையில் விட்ட ஓட்டை

கூரையைப் பிரித்த அன்று நான் அழுவேன் என்று எதிர்பார்த்துத் தெருப் பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மழைக்கு ஒழுகாத இடம் என்று ஒன்று கிடையாது. முன்பக்கம் மண்சுவர், மேலே பனையோலை, குனிந்தால்தான் உள்ளே போகலாம். அந்த வீட்டில்தான் என் வயிற்றில் வந்த இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போயின. ஓலையை இழுத்துக் கீழே தள்ளியபோது, ஒழிந்தது சனியன் என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குப் பக்கம். என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. அதோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் பாசஞ்சர் வண்டியில் போய்ப் பொழுது சாயும்போது திரும்புவார். பழைய வீட்டின் பின்பக்கத்தில் மட்டும் மாமனார் காலத்துச் செங்கல் அறை ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த மண்சுவரை இடித்துவிட்டுக் கூடம் எழுப்பி, மேலே முழுக்கத் தளம் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். தளம் போட்ட வீட்டை எங்கள் பக்கத்தில் மெத்தை வீடு என்பார்கள். மெத்தை வீட்டில் பிள்ளை பெறவேண்டும் என்பது என் ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட.

அவர் பகுத்தறிவு பேசுகிறவர். ராகுகாலம், எமகண்டம் எதையும் பார்க்கமாட்டார். எங்கள் கல்யாணமே ராகுகாலத்தில்தான் நடந்தது. அதனால்தான் இவளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நாத்தனார் அவருக்கு மூத்தவள். இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். நான் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் அந்த வாய்க்கு மரியாதை கொடுக்க எனக்கு மனசு வந்ததில்லை. வீடு முடிகிற வரைக்கும் அவளுடைய மாட்டுக்கொட்டகையில் ஒரு ஓரத்தைத் தடுத்துக்கொண்டு குடியிருந்தோம்.

மேஸ்திரி ஊத்துக்கோட்டைக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு தமிழ். என் வீட்டுக்காரரை நைனா என்பார், என்னை அம்மா என்பார். சாயங்காலம் அவர் போனபிறகு நாங்கள் இருவரும் வீட்டைப் பார்க்கப் போவோம். அதுதான் எங்களுக்கு அப்போது கோயிலும் சினிமாவும். இவர் வேலைக்குப் போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைத் தடவிப் பார்ப்பார். நேற்றைக்கு இடுப்பளவு இருந்தது இன்றைக்கு மார்பளவு வந்துவிட்டது என்பார். நான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து புதுச்சுவரில் ஊற்றுவேன். சுவர் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு குடம் ஊற்றுவேன்.

வைகாசியில் வாசக்கால் வைத்தோம். அதற்கு மட்டும் நல்ல நேரம் பார்க்கவேண்டும் என்று மேஸ்திரி பிடிவாதம் பிடித்தார். இவர் தலையில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். வீட்டுப் பெண்தான் வாசக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றவேண்டும். நான் தட்டோடு வந்து நின்றேன். மேஸ்திரி கைகளைக் கழுவிக்கொண்டு பொதுவாகக் கேட்டார்.

"ஊட்ல யாரும் முழுகாம இல்லியே?"

அது வழக்கமான கேள்வி. வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் வாசக்கால் வைக்கமாட்டார்கள், மேலே மூடவும் மாட்டார்கள். மூடினால் பிள்ளை வரும் வழியும் மூடிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் பதில் சொல்லிவிட்டாள்.

"அந்தக் குடுப்பின எங்க ஊட்டுக்கு எங்க கீது. நீ வேலயப் பாரு மேஸ்திரி."

நின்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். இவர் முகம் கறுத்தது. நான் ஊற்றிய பால் பாதி குழிக்கு வெளியே கொட்டியது. அவள் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். குங்குமத்தை அந்த மரத்தில் அப்பிவிட்டு வந்தேன்.

ஆனி பிறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு மாதம் முன்னே பின்னே தள்ளுவது வழக்கம் என்பதால் நாளைக் கணக்கு வைக்கவில்லை. பிறகு விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாசக்காலில் நான் குங்குமம் வைத்தபோதே அது வயிற்றில் இருந்திருக்கிறது. அண்ணி சொன்னது பொய்யாகிவிட்டதே என்று ஒரு பக்கம் துள்ளத் தோன்றியது. மறுபக்கம் அய்யய்யோ என்று இருந்தது.

அன்று சாயங்காலம் கூரையில்லாத கூடத்தில் நின்று இவரிடம் சொன்னேன். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் வாசக்காலைத்தான் பார்த்தார்.

"நீங்க இன்னாத்துக்கு அத்தப் பாக்கறீங்க? நீங்கதான் ஒண்ணும் இல்லேன்ற ஆளாச்சே."

"யாரு பார்த்தா? சும்மாதான் நின்னுக்கினு கீறேன்," என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது தங்கும். நீ யாரான்ட்டயும் சொல்லாத."

சொல்லக்கூடாது என்பதற்கு இருவருக்கும் வேறு வேறு காரணம். மேஸ்திரிக்குத் தெரிந்தால் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார், ஐப்பசி மழைக்கு முன்னால் தளம் விழாது என்பது அவர் கவலை. எனக்கு வேறு கவலை. இரண்டு முறையும் சேதியை ஊருக்குச் சொன்ன கையோடு போய்விட்டது. இந்த முறை மூச்சு விடாமல் இருந்தால் ஒருவேளை தங்கும் என்று நினைத்தேன். தளம் போடுவதை நிறுத்தச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை, போடச் சொல்லவும் தைரியம் இல்லை. சுவர் ஏற ஏற வயிறும் ஏறியது. இரண்டையும் ஒரே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வாந்தி வந்தால் மாட்டுக்கு முன்னால் போய் எடுத்துவிட்டுச் சாணத்தை அள்ளி மேலே போட்டுவிடுவேன். மாடு பாவம், ஒன்றும் சொல்லாது.

சிமெண்டுக்கு அப்போது பர்மிட் வேண்டும். தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து இவருடைய செருப்புத் தேய்ந்தது. ஆவணியில் ஒருவழியாக மூட்டைகள் வந்து இறங்கின. சாரம் கட்டி, பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயார். மறுநாள் தளம். அன்று காலை ஒரு மூட்டையைப் பிரித்து எதற்கோ கொஞ்சம் கலந்தார்கள். அந்த வாடை என் மூக்கில் ஏறியதுதான் தெரியும். மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தேன். நிமிர்ந்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி தொட்டியில் கைகளைக் கழுவினார்.

சாயங்காலம் இவர் ரயிலை விட்டு இறங்கி வருகிற வரைக்கும் மேஸ்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நைனா, நான் கை வெக்கமாட்டேன்."

"இன்னா பேசறீங்க? சிமெண்டு வந்து எறங்கி கீது. இந்தக் காத்துக்கு மூட்டயெல்லாம் கல்லாப் பூடும். மழ வந்தா செவுரு நிக்காது."

"தெரிது. வேற ஆள வெச்சிக்கோ. நான் கோச்சிக்கமாட்டேன்."

"எந்தக் காலத்துல கீறீங்க மேஸ்திரி? தளத்துக்கும் கொழந்தைக்கும் இன்னா சம்பந்தம்?"

மேஸ்திரி கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "எம் பொண்டாட்டி முழுகாம இருக்கச்சொல்ல எங்கூட்ல நானே மூடினேன் நைனா. எங்க அம்மா வாணாம்னுச்சி. நானும் உன்ன மாதிரிதான் பேசினேன். தளம் நல்லாதான் கீது, ஒரு சொட்டு ஒழுவல. அதுக்கப்புறம் எங்கூட்ல கொழந்தயே இல்ல."

எந்தச் சாமிக்கும் தலை குனியாத மனுஷன் இவர், அன்றைக்கு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் என் தைரியம் போனது. இவர் தைரியமாக இருக்கிறார் என்கிற ஒரே தைரியத்தில்தான் நான் அத்தனை நாள் இருந்தேன்.

அதற்குள் சேதி கேட்டு நாத்தனார் வந்தாள். திட்டப்போகிறாள் என்று தயாராக இருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்தாள், "எத்தினி மாசம்?" என்றாள். நாலு என்றேன். வாசக்கால் அன்றைக்குத் தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் எழுந்து போய் மேஸ்திரியிடம் தெலுங்கும் தமிழுமாகக் கலந்து சண்டை போட்டாள். அன்றிலிருந்து என் பிள்ளைக்கு அவள்தான் காவல். என்னைக் குடம் தூக்கவிடவில்லை, குனியவிடவில்லை. அந்தக் காவல் அவள் பழைய வாயைவிடப் பெரிய பேஜாராக இருந்தது.

சண்டையின் முடிவில் ஒரு வழி பிறந்தது. தளத்தைப் போடுவது, ஆனால் முழுக்க மூடாமல் விடுவது. வடகிழக்கில், ஈசானி மூலையில், ஒரு முறம் அளவுக்கு ஓட்டை விட்டுவிடவேண்டும். பிள்ளை பிறந்த பிறகு மேஸ்திரியே வந்து அதை அடைத்துக் கொடுப்பார். அதுவரைக்கும் அதன்மேல் பாய், ஓலை, துணி எதுவும் போடக்கூடாது. போட்டால் மூடியதாக ஆகிவிடும். இதெல்லாம் நாத்தனார் போட்ட சட்டம்.

"இன்னாடா தம்பி, சரியா?"

"சரி வுடு," என்றார் இவர். அவ்வளவுதான். ஒரு வாதம் இல்லை, ஒரு நக்கல் இல்லை.

தளம் விழுந்தது. பலகையைப் பிரித்தபிறகு நாங்கள் இருவரும் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். வழவழவென்று புதுத் தளம், மூலையில் மட்டும் சதுரமாக வானம். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓடியது. மேலே தேங்குகிற தண்ணீர் உள்ளே வராமலிருக்க மேஸ்திரி ஓட்டையைச் சுற்றி வரப்பு மாதிரி ஒரு மேடு கட்டியிருந்தார். ஒரு காகம் வந்து அந்த மேட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. இவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நாங்கள் அந்த வருஷம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஐப்பசி மழை எங்களை ஏமாற்றவில்லை. முதல் வாரத்திலேயே மாட்டுக்கொட்டகையில் முழங்கால் தண்ணீர். கிரகப்பிரவேசம் எல்லாம் பார்க்க நேரமில்லை. ஒரு பானையில் பாலைக் காய்ச்சிவிட்டு, பூசாத சுவரும் மண் தரையுமாக இருந்த வீட்டில் குடியேறினோம். பின்னறையில் நெல்மூட்டையை அடுக்கியிருந்தோம், அதன் தரை பழைய தரை, தாழ்வு. கூடத்தில் விழுகிற தண்ணீர் அங்கேதான் ஓடிப்போய் நிற்கும். ஓட்டைக்கு நேரே அண்டாவை வைத்தேன். நிரம்பும், தூக்கி ஊற்றமுடியாது, மொண்டு மொண்டு வெளியே வீசவேண்டும். காற்று அடித்தால் மழை அண்டாவுக்குள்ளா விழும்? அது பாட்டுக்குக் கூடம் முழுக்க அடிக்கும். அடுப்பு எரியாது. படுக்கிற பாய் காயாது. பழைய வீட்டிலாவது பத்து இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. இங்கே ஒரே இடத்தில் வானமே இறங்கியது. மெத்தை வீட்டுக்காரி என்று தெருவில் என்னைக் கிண்டல் செய்தார்கள். நான் அந்த ஓட்டையைப் பார்த்துக் கண்டபடி திட்டுவேன். திட்டிவிட்டு உடனே பயந்துபோய் வயிற்றைத் தடவிக்கொள்வேன்.

இவர் சாயங்காலம் வந்ததும் வழக்கம்போல வீட்டைப் பார்ப்பார். ஆனால் இப்போது பார்க்க இருந்தது வேறு. மேற்குச் சுவரின் அடியில் ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது, மண் சாந்து எங்கே கரைந்திருக்கிறது, பின்னறையில் எந்த மூட்டை முளைவிட்டிருக்கிறது. நேற்றைக்குக் கணுக்காலளவு இருந்த ஈரம் இன்றைக்கு முழங்காலளவு வந்துவிட்டது என்பார். முன்பு சுவர் ஏறியதைச் சொன்ன அதே குரல்தான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "உள்ள ஆடுதா?" என்று கேட்பார். ஆடுகிறது என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் சட்டையைக் கழற்றுவார்.

கார்த்திகையில் புயல் வந்தது. பகல்தான், ஆனால் விளக்கு வைக்கிற நேரம்போல இருட்டிக்கொண்டு வந்தது. ரயில் ஓடவில்லை என்று இவர் வேலைக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டார். மத்தியானம் நாத்தனாரின் கூரை பறந்துபோய், அவளும் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். காற்றில் அந்த ஓட்டை வழியாக மழை வாளியால் வீசுகிற மாதிரி உள்ளே விழுந்தது. கூடத்தில் பாதம் மூழ்கத் தண்ணீர். எனக்கு இரண்டு நாளாகவே காய்ச்சல். நெல்மூட்டைமேல் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தேன்.

இவர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தார்ப்பாய் ஒன்று இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியை எடுத்தார். நான் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தடுப்பாள் என்று நாத்தனாரைப் பார்த்தேன்.

"மூடுடா தம்பி," என்றாள் அவள். "பொண்ணு வெறச்சிக்கினு கீது. நான் சொன்னது சொன்னதா இருக்கட்டும், நீ மூடு."

சட்டம் போட்டவளே விட்டுவிட்டாள். என்னால் விடமுடியவில்லை. அந்தத் தண்ணீரில் இறங்கிப்போய் ஏணியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்குங்க."

"ஒனக்கு ஜொரம் கொதிக்குது. கொஞ்ச நேரம்தான். மழ வுட்டதும் எடுத்துடறேன்."

"எறங்குங்கன்னு சொல்றேன் இல்ல."

"செத்துப்பூடுவடி."

"பூட்டாப் போறேன். இது தங்கலன்னா எனக்கு இந்த ஊடு இன்னாத்துக்கு? யாரு இருக்க? நீயும் நானும் ஈரமில்லாம படுத்துக்கினு மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கவா?"

கோபத்தில் நீ என்று வந்துவிட்டது. கல்யாணமாகி அன்றுதான் அவரை நீ என்றேன். அவர் ஏணியில் பாதியில் நின்றார். பிறகு இறங்கி வந்தார். என்னை மூட்டைமேல் உட்காரவைத்து, தார்ப்பாயை மடித்து என் தோளைச் சுற்றிப் போர்த்தினார். அப்படியே என் முழங்காலில் தலையை வைத்து அழுதார். நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் செய்தது முட்டாள்தனம் என்று பிற்பாடு படித்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டும். திரும்ப அந்த நாள் வந்தாலும் அந்த ஏணியை நான் விடமாட்டேன்.

புயல் ஓய்ந்த மறுநாள் காலை எனக்கு வலி கண்டது. எட்டாம் மாதம். ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வண்டியில் வைக்கோலைப் போட்டு என்னைப் படுக்கவைத்தபோது யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே எனக்குக் கேட்டது. ரோட்டில் விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

பெண் பிள்ளை. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்தான் நீளம். அழவில்லை. நர்ஸ் காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வந்தது, அதுவும் நின்றுவிட்டது. மூச்சு இருக்கிறது என்றாள் நர்ஸ். பஞ்சில் பொதிந்து வைத்தார்கள். உறிஞ்சத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சித் திரியில் நனைத்து நாக்கில் தடவவேண்டும். ஒவ்வொரு முறை கண்ணயர்ந்து எழும்போதும் அதன் மார்பில் கையை வைத்துப் பார்ப்பேன். ஏறி இறங்கினால்தான் நான் மூச்சு விடுவேன்.

இவர் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ரயிலில் அலைந்தார். வந்து நிற்பார், பிள்ளையைப் பார்ப்பார். "கத்துச்சா?" என்று கேட்பார். இல்லை என்பேன். ரயிலைப் பிடிக்கப் போய்விடுவார்.

அந்த நாட்களில் ஒரு தடவை நாத்தனார் வந்தபோது ஒன்று சொன்னாள். பிள்ளை பிறந்த சேதி கேட்டு மேஸ்திரி ஊத்துக்கோட்டையிலிருந்து கரண்டியோடு வந்திருக்கிறார். "பொறந்துடுச்சே நைனா, மூடிடலாம்" என்றிருக்கிறார். இவர் வேண்டாம் என்றிருக்கிறார்.

"ஏன்னு கேட்டாரு மேஸ்திரி. இன்னும் வந்து சேரல, வழியிலதான் கீதுன்றான் ஒம்புருசன். அது வாய் தொறந்து கத்தட்டும், அன்னிக்கு மூடலாம்ன்றான். சாமி இல்லன்னு பேசிக்கினு திரிஞ்ச பையன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் மூக்கைச் சிந்தினாள். நான் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தடவை உதட்டைச் சுழித்தது, கத்தவில்லை.

மார்கழி முடிகிற சமயம் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்குக் கொஞ்சம் சதை பிடித்திருந்தது, ஆனால் மேலெல்லாம் மஞ்சள் இன்னும் விடவில்லை. காலை வெயிலில் காட்டச் சொன்னாள் நர்ஸ். வெளியே கொண்டுபோனால் பனிக்காற்று. வீட்டுக்குள் வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஈசானி மூலை ஓட்டை வழியாக வெயில் உள்ளே வரும். மண் தரையில் முறம் அளவுக்கு விழும். நான் முறத்திலேயே துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தி அந்த வெயிலில் வைப்பேன். வெயில் நகர நகர முறத்தை நகர்த்துவேன். அதே மூலையை என்ன பாடு திட்டியிருக்கிறேன். அந்த நினைப்பு வரும்போது வெட்கமாக இருக்கும்.

மேஸ்திரி பக்கத்து ஊரில் வேறு வேலை பிடித்திருந்தார். காலையில் அந்த வழியாகப் போகும்போது மேலே ஏறி எட்டிப் பார்ப்பார்.

"அம்மா, மூடட்டுமா?"

"நாளைக்கு மேஸ்திரி."

அவர் இறங்கிப் போய்விடுவார். பிள்ளை பால் குடித்தது, கண் திறந்து பார்த்தது, கையை ஆட்டியது. எல்லாம் செய்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பசித்தாலும் முனகல், குளிப்பாட்டினாலும் முனகல். ஊமையாக இருக்குமோ என்று தெருவில் பேச ஆரம்பித்தார்கள். இவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசக்காலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார். தினமும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நரகமாக இருக்கும். என்னைத்தான் கேட்கிறார் என்று தோன்றும்.

தை பிறந்தது. ஒரு காலை மேஸ்திரி மேலே இருப்பது எனக்குத் தெரியாது. வெயில் மூலையைவிட்டு நகர்ந்திருக்கும், பிள்ளையை எடுத்திருப்பேன் என்று அவர் நினைத்துவிட்டார். பழைய தளத்தோடு புதுக்கலவை ஒட்டவேண்டுமானால் ஓரத்தை இரண்டு மூன்று நாள் தண்ணீர் விட்டு நனைக்கவேண்டுமாம். எப்படியும் இந்த வாரம் நான் மூடச் சொல்லிவிடுவேன் என்று அவர் தானாகவே நனைக்க ஆரம்பித்திருக்கிறார். ஒரு சொம்பு தண்ணீர், தைமாதத்துக் கிணற்றுத் தண்ணீர், கம்பிகளின் நடுவே சளக்கென்று இறங்கி என் பிள்ளையின் வயிற்றில் விழுந்தது.

ஒரு கணம் அதற்கு மூச்சே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, முகம் சிவந்து, கை கால் விறைத்துக்கொண்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் முறத்தின்மேல் விழுந்தேன். அப்போது கத்தியது பாருங்கள். அந்தப் பூசாத சுவர்களில் பட்டு அது திரும்பி வந்தது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் அந்தக் குரலை என்று தெரியவில்லை. வீறிட்டு வீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி வீறிட்டாள்.

"அய்யோ அம்மா, கொழந்த கீதுன்னு தெர்லமா," என்று மேலே மேஸ்திரியின் முகம் கம்பிக்கு நடுவே தெரிந்தது. பயத்தில் வெளுத்துப்போயிருந்தது. இரண்டு வீடு தள்ளியிருந்த நாத்தனார், கையில் மாவோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். ஸ்டேஷனுக்குப் பாதி வழி போயிருந்த இவர் திரும்பி ஓடிவந்திருக்கிறார். சாப்பாட்டு டப்பா கையில் இல்லை, எங்கே போட்டார் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. வாசக்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமில்லாமல் என் மகளே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அவளைத் தூக்கினேன். துடைத்தேன், மார்போடு அணைத்துக்கொண்டேன். சமாதானம் மட்டும் செய்யவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டேன். இவருடைய கண்ணைப் பார்த்தேன், அவர் தலையை ஆட்டினார்.

"மேஸ்திரி," என்றேன் அண்ணாந்து. "இப்ப மூடுங்க."